என் அலமாரியின் கதவு

வாசலிலேயே என் புளிசாதத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள். விடிவதற்கு முன்னால் எழுந்து, நல்லெண்ணெய் மிதக்கக் கிளறி, வாழையிலையில் கட்டி எடுத்து வந்தது. என் பைக்குள் கைவிட்டுத் துழாவிய செக்யூரிட்டிப் பெண் அதை ஏதோ கடத்தல் சரக்கு மாதிரி மேசைமேல் எடுத்து வைத்தாள்.

"வெளிச் சாப்பாடு உள்ள விடமாட்டோம் மேடம். திரும்பிப் போறப்ப வாங்கிக்கங்க."

"போறப்ப வாங்கி இன்னாத்துக்கு? நாய்க்கு வெக்கவா? சோறுதானே எடுத்தாந்தேன், குண்டா எடுத்தாந்தேன்?"

"உடு ஃப்ளோரா" என்று என் முழங்கையைப் பிடித்து இழுத்தார் என் புருஷன். "ஓட்டல் சாப்பாடு பாஸ்லயே கீதுன்னாரு ஓனரு. பேஜார் பண்ணாத வா."

என் புருஷன் நெல்சன் காசிமேட்டில் விசைப்படகு டிரைவர். கடலில் அவரைப் போல ஆள் கிடையாது என்பார்கள். நான் கண்டேனா? கரையில் நான் கண்டதெல்லாம் யார் எதைச் சொன்னாலும் தலையாட்டிவிட்டு வருகிற ஒரு ஜென்மத்தைத்தான். சித்திரை பிறந்ததும் மீன்பிடித் தடைக்காலம் வந்துவிடும். மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று படகுகளைக் கடலுக்கு விடமாட்டார்கள். ஊர்ப் பிள்ளைகளுக்கு எல்லாம் பெரிய லீவு விடுகிற அதே சமயத்தில் என் வீட்டுக்காரருக்கும் லீவு. அந்த லீவில் நாங்கள் வேளாங்கண்ணிக்குப் போவோம், இல்லையென்றால் பேசாமல் வீட்டில் கிடப்போம். பார்க்குக்கு வந்தது இந்த வருடம்தான். அதுவும் படகு ஓனர் சவரிநாதன் மூன்று பாஸைக் கொடுத்து அனுப்பியதால். செங்குன்றம் தாண்டி இருக்கும் இந்த ஜிங்காலா பார்க்கில் புதிதாக ஓர் ஓட்டல் திறந்திருக்கிறார்கள், கண்டிப்பாக அங்கே போய்த்தான் சாப்பிட வேண்டும் என்று இரண்டு முறை சொன்னாராம். அந்த 'கண்டிப்பாக' எனக்கு அப்போது உறைக்கவில்லை.

எங்கள் மகள் ஜெமிமா ஏழாவது முடித்திருக்கிறாள். காலையிலிருந்து எந்தச் சறுக்கில் விழுந்தாள், எந்தத் தண்ணீரில் குதித்தாள் என்று எனக்குக் கணக்குத் தெரியாது. நானும் நெல்சனும் ஒரு சிமெண்டு டைனோசரின் நிழலில் உட்கார்ந்திருந்தோம். ஆளில்லாத இடத்தில் கிடைத்தாரே என்று நான் ஆரம்பித்தேன்.

"நேத்து சாலமன் இன்னா சொன்னாரு?"

"கேட்டாரு. வர்லன்னுட்டேன்."

"யோவ், மூணு வாட்டி வூடு தேடி வந்து கேட்டுட்டாருய்யா மனுசன். அவரு போட்டு புதுசு. கையோட டிரைவரு வேணும்னு அலையறாரு. வேணாம்னா இன்னா அர்த்தம்?"

"எனக்குத்தான் போட்டு கீதே. சவரிண்ணன உட்டுட்டு இன்னொருத்தன் போட்டுல எப்பிடி ஏறுவேன்? சிந்தாத்திரை மாதா சோறு போட்டுக்கீது மே நமக்கு."

சிந்தாத்திரை மாதா என்பது அவர் ஓட்டுகிற படகின் பெயர். கடல் பயணம் போகிறவர்களைக் காக்கிற மாதா. பாதிரியார் வந்து அந்தப் படகை மந்திரித்த அன்றைக்கு ஒரே ஒரு முறை நானும் அதில் ஏறியிருக்கிறேன். மற்றபடி பொம்பளைகள் எங்கள் பக்கம் படகில் ஏறுவதில்லை.

"உன் போட்டு எங்கய்யா கீது இப்போ? தட போட்ட வாரமே எஞ்சின் வேலைன்னு எங்கியோ இழுத்துகினு போனாரு. எந்த வருசமும் நீதானே கூட நிப்பே? இந்த வருசம் உன்ன ரெஸ்ட் எடுன்னுட்டாரே, எப்போ எறக்குவாங்கன்னு கேட்டியா?"

நெல்சன் என்னை முறைத்தார்.

"அதக் கேப்பாங்களா?"

கேட்க மாட்டார்கள். கடலுக்குப் போகிறவனை எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்று கேட்கக் கூடாது. கல்யாணமான புதிதில் அது எனக்கு அவ்வளவாகப் புரியவில்லை. ஒரு நாள் விடியற்காலை பையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கியவரைப் பார்த்து, தூக்கக் கலக்கத்தில், "எங்க போறே?" என்று கேட்டுவிட்டேன். அவ்வளவுதான். மனுஷன் பையைக் கீழே வைத்தார். பதில் சொல்லாமல் திரும்பி வந்து உட்கார்ந்தார். ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தார். என்னை நாலு திட்டு திட்டிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, அப்போதுதான் புறப்படுகிறவர் போல மறுபடியும் போனார். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று தடவை வாய் தவறியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அதே தண்ணீர், அதே திட்டு. பதில் மட்டும் வந்ததே இல்லை.

ஆளுக்குத்தான் அந்தக் கட்டுப்பாடு என்றால் இவர் அதைப் படகுக்கும் நீட்டி வைத்திருந்தார். கரையேறிய படகை எப்போது இறக்குவாய் என்று கேட்டால் அது இறங்காதாம். அவர் மட்டுமில்லை, கூடப் போகிற ஆட்களும் அப்படித்தான். எல்லோரும் தினமும் காலையில் ஓனர் வீட்டு வாசலில் போய் நிற்பார்கள், டீ குடிப்பார்கள், ஊர்க்கதை பேசுவார்கள். படகைப் பற்றி ஒருத்தன் வாய் திறக்க மாட்டான். நல்ல கூட்டம்.

பசி வந்ததும் ஜெமிமா எங்களை அந்த ஓட்டலுக்கு இழுத்துப் போனாள். கப்பல் மாதிரியே கட்டியிருந்தார்கள். பெயர் 'கேப்டன் கிச்சன்'. உள்ளே போனால் கூரையெல்லாம் வலை, வலையில் தெர்மகோல் மீன், சுவரில் மண்டையோடு, ஊரைக் கூட்டுகிற பாட்டு. ஏசி குளிரில் சாம்பார் வாடை. நடுவில் ஒரு மேடை போட்டு, அதன்மேல் நிஜப் படகின் கேபின் ஒன்றைத் தூக்கி வைத்திருந்தார்கள். நீலமும் சிவப்புமாகப் பளபளவென்று பெயிண்ட். உள்ளே ஸ்டியரிங் சக்கரம், அதற்குப் பின்னால் நாலு பேர் உட்காருகிற மேசை.

"டாடி, அங்க டாடி, அங்க! எங்க கிளாஸ் கிறிஸ்டினா அதுலதான் போட்டோ எடுத்துப் போட்டிருந்தா!"

நல்ல நேரமோ கெட்ட நேரமோ, அது அப்போதுதான் காலியானது. சூப்பர்வைசர் பையன் ஓடிவந்து நெல்சன் தலையில் ஒரு வெள்ளைத் தொப்பியை மாட்டினான். வாசலில் தொங்கிய மணியை அடித்து, "கேப்டன் கடலுக்குக் கிளம்பிட்டாரு!" என்று கத்தினான். பரிமாறுகிறவர்கள் எல்லோரும் 'ஓ' போட்டார்கள். ஜெமிமா சிரித்துச் சிரித்து என்மேல் சாய்ந்தாள்.

நெல்சன் மட்டும் ஏறவில்லை. மேடைக்குக் கீழேயே நின்றிருந்தார். அப்புறம் ஏறினார். நான் நுழையும்போது மேல் கட்டையில் நெற்றியை இடித்துக்கொண்டு, "கட்டினவன் கையில கட்ட மொளைக்க" என்று வாழ்த்தினேன். ஜெமிமாவுக்குக்கூட உச்சந்தலை தட்டியது. அந்த மனுஷன் மட்டும் மேலே பார்க்காமலே சரியாகக் குனிந்து நுழைந்து, சக்கரத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும். நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தவளுக்கு எங்கே கவனம்?

சாப்பாடு வந்தது. ஃப்ரைட் ரைஸ், நூடுல்ஸ், விரல் விரலாகப் பொரித்த மீன். ஒன்றைக் கடித்துப் பார்த்தேன். எந்தக் குளத்து மீனோ, பஞ்சு மாதிரி இருந்தது. கடலும் இல்லை, உப்பும் இல்லை.

"அய்யே, இத்த மீனுன்றான் பாரு" என்றேன். "இன்னாய்யா, துன்னு பாரேன்."

அவர் சாப்பிடவில்லை. இரண்டு கையையும் தொடைமேல் வைத்துக்கொண்டிருந்தார். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"இன்னா ஆச்சு? ஒடம்பு சரியில்லியா?"

"ஒண்ணுமில்ல. சீக்கிரம் துன்னுட்டு கெளம்புங்க."

"எங்கியோ பொணம் விழுந்த மாதிரி மூஞ்ச வெச்சுகினு கீறியே. ஓசிச் சோறு எறங்கலியா?"

"கம்முனு துன்னு ஃப்ளோரா."

அந்தக் குரல் எனக்குத் தெரியும். புயலில் ஒரு தடவை மாட்டி, மூன்றாம் நாள் கரை வந்து சேர்ந்தபோது அந்தக் குரலில்தான் பேசினார். அவர் எதைப் பார்க்காமல் இருக்கப் பார்க்கிறார் என்று நான் பார்த்தேன்.

சக்கரத்துக்கு அடியில், முழங்கால் உயரத்தில், சாமான் வைக்கிற மாடம் ஒன்று இருந்தது. அதற்கு ஒரு சின்ன மரக்கதவு. சிவப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். நடுவில் தாமரைப்பூ வடிவத்தில் பித்தளைக் குமிழ். ஓர் இதழ் உடைந்திருந்தது.

அந்த இதழை உடைத்தது நான். ஆட்டுக்கல் குழவியைத் தூக்கும்போது கை நழுவி அதில் இடித்தது.

அது என் அலமாரியின் கதவு. என் அம்மா சீதனமாகக் கொடுத்த தேக்கு அலமாரி, கீழே ஒரு கதவு, மேலே ஒரு கதவு. படகு மாடத்தின் கதவு அலையடித்துப் பிய்ந்துபோனது என்று, நான் மீன் வாங்கப் போயிருந்த நேரத்தில் கீழ்க்கதவைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய் மாட்டிவிட்டார் இந்த உத்தமர். அன்றைக்கு எங்கள் தெருவே கூடி நின்று பார்த்தது. நான் போட்ட கூச்சல் அப்படி. அன்றிலிருந்து என் அலமாரிக்குக் கீழே கதவில்லை. பழைய புடவையைக் கிழித்துத் திரை கட்டி வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் போகிறவர்கள் கேட்கும்போதெல்லாம், "கதவு கடலுக்குப் போயிருக்குது" என்பேன்.

என் இடுப்புச் சாவிக்கொத்தில் அந்தக் கதவின் சாவி இன்னும் இருந்தது. கதவு போனாலும் சாவியை எவள் எறிவாள்? கதவுக்கு இரண்டு சாவி. ஒன்று அவரிடம், ஒன்று என்னிடம். கை தானாகக் கொத்தை உருவியது.

"தொறக்காத" என்றார் நெல்சன். கெஞ்சினார் என்றுதான் சொல்ல வேண்டும். "ஃப்ளோரா, வேணாம் மே. தொறக்காத."

"நம்ம கதவுதானே? நம்ம கதவா இல்லியா, அத சொல்லு."

நான் குனிந்து சாவியைப் போட்டேன். பூட்டுத் துவாரத்தில் பெயிண்ட் அடைத்திருந்தது. அழுத்தித் திருப்பினேன். பெயிண்ட் பொடிந்து விழுந்தது, சாவி சுற்றியது, கதவு திறந்தது.

யாரும் அதைத் திறந்தே பார்க்கவில்லை. பூட்டின மேலேயே பெயிண்டை அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். உள்ளே அவருடைய நீல ஸ்வெட்டர் மடித்தபடி இருந்தது. குரங்குக் குல்லா, பாதி தைல பாட்டில், செபமாலை. ஜெமிமாதான் எங்கேயோ தொலைத்துவிட்டாள் என்று நான் திட்டித் தீர்த்த என் எவர்சில்வர் டம்ளர். கதவின் உள்பக்கத்தில் அவர் ஒட்டிய மாதா படம், ஓரம் சுருண்டு, அப்படியே இருந்தது. கதவைத் திறந்ததும் டீசல் வாடையும் மீன் வாடையும் வந்தது. எங்கள் வீட்டு வாடை.

"டாடி" என்றாள் ஜெமிமா. "இது நம்ம போட்டா டாடி?"

"மேடம், அதெல்லாம் தொடக் கூடாது, டெக்கரேஷன்!" என்று சூப்பர்வைசர் ஓடி வந்தான்.

"டெக்கரேஷனா? இது என் அலமாரிடா! எங்கம்மா குடுத்த அலமாரி! எவன் கையிலடா வாங்கினீங்க?"

அவன் பயந்துபோனான். அவனுக்கு என்ன தெரியும், பாவம். கேபினை யாரோ காண்ட்ராக்டர் லாரியில் கொண்டுவந்து இறக்கினார் என்றும், அதனோடு வந்ததெல்லாம் பார்க்கைச் சேர்ந்தது என்றும் திணறித் திணறிச் சொன்னான்.

நெல்சன் போனை எடுத்தார். ஓனருக்குப் போட்டார். பாட்டுச் சத்தத்தில் காது கேட்காது என்று ஸ்பீக்கரில் வைத்தார். சவரிநாதன் குரல் கல்யாண வீட்டில் விசாரிக்கிற மாதிரி வந்தது.

"இன்னா நெல்சா, போய்ட்டீங்களா? ஜெமிமா சாப்டாளா? கேபின பாத்தியா?"

நெல்சன் போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"மிச்சம் எங்கண்ணே?"



"எஞ்சினு தூத்துக்குடிக்குப் போச்சுடா. கட்டையெல்லாம் வெறகுக்குக் குடுத்துட்டேன். இன்னா பண்ணச் சொல்றே? டீசல ஊத்தி ஊத்தி நாலு நாள் சுத்தி, எதுவும் இல்லாமத்தானே வந்துகினு இருந்தோம்? மீனு எங்க கீது சொல்லு. எம்புள்ள வேற, போதும் உட்டுடுன்றான்."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியேண்ணே."

"நீ கேக்கவே இல்லியேடா!" என்றார் சவரிநாதன். கோபம் இல்லை, நிஜமாகவே வருத்தப்படுகிற குரல். "ஒரே ஒரு வாட்டி, எப்பண்ணே எறக்கறோம்னு நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். தெனம் வந்து நிக்கறே, டீ குடிக்கறே, போறே. யாராவது கேப்பீங்கன்னு பாத்துகினே கீறேன், ஒருத்தனும் வாயத் தொறக்கல. உன் மூஞ்சியப் பாத்துட்டு நானா எப்டிடா சொல்றது? அதான் பாஸு குடுத்தேன். குடும்பத்தோட சந்தோசமா இருக்கறப்போ, நீயே பாத்து தெரிஞ்சுக்குவேன்னு."

நான் போனைப் பிடுங்கினேன். அதில் என்னென்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. ஜெமிமா காதைப் பொத்திக்கொண்டாள். பக்கத்து மேசைக்காரர்கள் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டார்கள். பாதியில் சவரிநாதன் வைத்துவிட்டார். அதற்குப் பிறகும் நான் வெறும் போனைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மூச்சு வாங்கியதும் சாலமன் நினைவு வந்தது. நெல்சனைக் கேட்கவில்லை. நானே போட்டேன்.

"அண்ணே, நான் நெல்சன் வூட்டுக்காரி பேசறேன். அவரு வர்றாராம்ணே உங்க போட்டுக்கு."

"ஐய, இன்னாம்மா நீ" என்றார் சாலமன். "நேத்து சாயங்காலம்தானே அவ்ளோ கண்டிசனா வேணாம்னாரு. ராத்திரியே ஃப்ரெடின்னு வேறொரு டிரைவரு கையில அட்வான்ஸ் குடுத்துட்டேன். இனிமே மாத்தினா நல்லா இருக்காதும்மா."

"வேற யாராச்சும் ஓனருங்க..."

"எல்லாரும் ஆளு முடிச்சுட்டாங்கம்மா. சின்னப் பசங்களாத்தான் பாக்கறாங்க. நெல்சனுக்கும் வயசாகுதுல்ல. ரெஸ்ட் எடுக்கச் சொல்லு."

ரெஸ்ட். எல்லோரும் ரெஸ்ட் எடுக்கத்தான் சொல்கிறார்கள். நான் போனை மேசையில் வைத்தேன். நெல்சன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவரைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அழுகை அழுகையாக வந்தது. அழுதேன். ஓட்டலாவது ஒன்றாவது.

"நேத்து வரைக்கும் வேல இருந்துச்சுய்யா உனக்கு" என்றேன். "நேத்து வரைக்கும்."

"ஆமா" என்றார்.

தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். மாடத்துக்குள் கையை விட்டு ஸ்வெட்டரை வெளியே எடுத்தார். ஒரு தடவை உதறினார். அதை மறுபடியும் நாலாக மடித்து, முன்பு இருந்த இடத்திலேயே வைத்தார். குல்லாவையும் தைலத்தையும் தொடவில்லை. செபமாலையை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க" என்றான் சூப்பர்வைசர் கீழே நின்றபடி. "பர்த்டே பார்ட்டி ஒண்ணு வெயிட் பண்றாங்க. முடிச்சிட்டீங்கன்னா..."

கீழே ஒரு குடும்பம் பலூனோடு நின்றிருந்தது. எட்டு வயதுப் பெண் ஒருத்தி அந்தத் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் டம்ளரை எடுத்தேன். அது என் டம்ளர், அதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. முந்தானையால் துடைத்தேன். நெல்சனுக்கு உதடெல்லாம் காய்ந்திருந்தது. காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. என் பாட்டிலில் இருந்த தண்ணீரை அதில் ஊற்றினேன். ஊற்றிவிட்டு நிமிர்ந்தால் அவர் எழுந்துவிட்டிருந்தார். மேலே பார்க்காமல் தலையைக் குனிந்து வெளியே காலை வைத்துக்கொண்டிருந்தார்.

"யோவ், எங்க போறே?"

வாய் தவறிவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஜெமிமா பதறிப்போய் என்னைப் பார்த்தாள். அவளுக்கும் தெரியும், அது எங்கள் வீட்டில் யாரும் கேட்காத கேள்வி.

அவர் நின்றார். நான் டம்ளரை நீட்டினேன். வருவார், உட்காருவார், குடிப்பார், அறிவுகெட்டவளே என்று நாலு திட்டு திட்டுவார். திட்டட்டும். இந்த ஓட்டலே கேட்கிற மாதிரி திட்டட்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டேன்.

"கை கழுவினு வரேன்" என்றார் நெல்சன்.

ஒரு பருக்கைகூடப் படாத கையோடு மேடையை விட்டு இறங்கி, வாஷ்பேசின் எங்கே என்று அந்தப் பையனிடம் கேட்டுக்கொண்டு போனார்.

கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கேள்விக்கு அவர் சொன்ன முதல் பதில் அதுதான். நான் டம்ளரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கீழே, அடுத்த குடும்பத்துக்காக மணி அடித்தார்கள்.